கரண்ட்டுக்கு வழிவிட்ட கறுப்பு டேங்க்

சுற்றுகிற மின்விசிறிக்கு முன்னால் நின்றுகொண்டு கரித்தூள் மூட்டையைப் பிரிக்கக் கூடாது என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ வாங்கியவன், எனக்குத் தெரியவில்லை. வேர்த்துக் கொட்டுகிறதே என்று விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு மூட்டையின் வாய்த் தையலை ஒரே இழுப்பாக இழுத்தேன். அடுத்த நொடி அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்கள் ஷெட்டுக்குள் மட்டும் அமாவாசை. யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை இருமலை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. முதலாளி அன்று வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். போகும்போது அதை வெள்ளை என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

மாலை ஆவடி பஸ்ஸில் நல்ல கூட்டம். ஆனாலும் என்னைச் சுற்றி ஓர் ஆள் பாய் விரித்துப் படுக்கிற அளவுக்கு இடம் இருந்தது. கண்டக்டர் டிக்கெட்டை எட்ட நின்றே நீட்டினார்.

"இன்னா நைனா, ரயில் இன்ஜினுக்கு உள்ளாற தங்கிகீறியா?"

இது சின்ன முட்டாள்தனம். பெரியது ஒன்று பின்னால் வருகிறது. அதைச் செய்தபோது நான் மிகவும் கவனமாக இருந்தேன். அதனால்தான் அது பெரியது.

எண்பதுகளின் கடைசி அது. கண்ணாடி நாரையும் ரெசினையும் வைத்து ரசாயன ஆலைகளுக்கு டேங்க், குழாய், மூடி எல்லாம் செய்கிற சின்னக் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். அச்சின் மேல் கண்ணாடி நார் விரிப்பைப் போட்டு, பிசின் மாதிரி இருக்கும் ரெசினைப் பூசி, ரோலரால் உருட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதன் மேல் மறுபடி விரிப்பு, மறுபடி ரெசின். காய்ந்து இறுகிவிட்டால் ஆசிட் ஊற்றினாலும் அசையாது, துருவும் பிடிக்காது. என் அப்பா ஆவடியில் ராணுவத்துக்கு டேங்க் செய்யும் ஆலையில் வேலை பார்த்தார். நானும் டேங்க்தான் செய்கிறேன் என்று சொந்தக்காரர்களிடம் பெருமையடித்துக்கொள்வேன். "இவன் செய்யறதுல ஊறுகா போடலாம்" என்று அப்பா உடனே திருத்திவிடுவார்.

கரித்தூள் வந்தது என் மாமாவுக்காக. மாமா என்றால் அக்காவின் கணவர். நூம்பல் ஊர்க்காரர். அவர் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலி வேலை. அந்தக் குடும்பத்திலிருந்து முதல் ஆளாக ஆலைக்குள் போனவர் இவர்தான். சென்னீர்குப்பம் பக்கத்தில் பெயிண்ட் தின்னர் செய்யும் ஆலையில் கலவைப் பிரிவு. பேச்சு ரொம்பக் கம்மி. நான் ஒரு மணி நேரம் பேசினால் அவர் ஒரு தடவை இருமுவார். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு நான் அடுத்த ஒரு மணி நேரத்துக்குப் போய்விடுவேன்.

அந்த ஆலையில் அழுக்குத் தின்னரை அமிலம் விட்டுக் கழுவித் தெளியவைக்க ஒரு பழைய பிளாஸ்டிக் டேங்க் இருந்தது. ஒரு நாள் மாமா அதன் மூடியைத் திறந்து, சாம்பிள் எடுக்க இரும்பு வாளியைக் கயிற்றில் இறக்கினார். 'டப்'பென்று ஒரு சத்தம். தீ வந்ததும் போனதும் ஒன்றாக நடந்து முடிந்துவிட்டது. புருவம் இரண்டும் போயின, முன்நெற்றி முடி போனது, வலது கையெல்லாம் கொப்புளம். உயிர் தப்பியது பெரிய காரியம்.

ஆஸ்பத்திரியில் போய் நான் ஆறுதல் சொன்ன அழகைக் கேளுங்கள். "பிளாஸ்டிக்ல கரண்ட்டே பாயாதே மாமா, பொறி எப்டி வரும்? நீங்க பீடி கீடி புடிச்சிகினு இருந்தீங்களா?"

மாமாவுக்குப் பீடிப் பழக்கமே கிடையாது. என்னையே பார்த்தார். புருவம் இல்லாத மனிதர் பார்த்தால் அது முறைப்பா வியப்பா என்று தெரியாது. முறைப்புதான் என்று அக்கா பிறகு விளக்கினாள்.

கரண்ட் பாயாது என்பதே வினை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. டிவியை அணைத்த கையோடு திரைப் பக்கம் கையைக் கொண்டுபோனால் ரோமம் சிலிர்த்து நிற்குமே, அதே சங்கதி. தின்னர் குழாயில் ஓடி, டேங்கில் விழுந்து கலங்கும்போது அப்படி ஒரு மின்சாரம் உண்டாகிறது. இரும்பு டேங்க் என்றால் அது சத்தமில்லாமல் தரைக்கு இறங்கிப் போய்விடும். பிளாஸ்டிக்கில் இறங்க வழியில்லை. கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட விருந்தாளி மாதிரி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். இரும்பு வாளி பக்கத்தில் வந்ததும் வழி கிடைத்துவிட்டது என்று குதித்திருக்கிறது. அப்படியானால் இரும்பிலேயே டேங்க் வைக்கலாமே என்றால், அந்த அமிலம் இரும்பைத் தின்றுவிடும்.

ஆகவே, கரண்ட்டுக்கு வழிவிடும் பிளாஸ்டிக் வேண்டும். ரெசினில் கரித்தூளைக் கலந்து டேங்க் செய்து, அதில் ஒரு செம்புப் பட்டையைப் பதித்து, பட்டையைத் தரைக்குள் இறக்கிவிட வேண்டும். அந்த ஆலைக்காரர்கள் எஸ்டேட் முழுக்க விசாரித்தார்கள். எங்கள் முதலாளி, அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் "ஆவட்டும்" என்றுவிட்டார்.

"சார், இதுவரைக்கும் நாம செஞ்சதே இல்லியே" என்றேன்.

"டார்ச் செல்ல ஒடச்சிப் பாத்திருக்கியா? உள்ள இன்னா கீது? கரிக்குச்சி. கரில கரண்ட்டு போவும். போடு கரிய."

அவருடைய விஞ்ஞானம் அவ்வளவுதான். ஆனால் தப்பில்லை.

இதற்குள் மாமாவின் கை ஆறிவிட்டது. வேலைக்கும் போனார். ஆனால் கலவைப் பிரிவுக்குப் போகவில்லை. மூடிமேல் கை வைக்கப் போனால் கை பின்னுக்கு வந்துவிடுகிறதாம். கேட் பக்கத்தில் டிரம் உருட்டும் வேலைக்குப் போட்டிருந்தார்கள். புது டேங்க் வந்தால் பழைய இடத்துக்கு வரலாம், வராவிட்டால் டிரம்தான் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் அக்கா ஸ்டவ் பற்றவைக்கத் தீக்குச்சியை உரசினால் மாமா எழுந்து வெளியே போய்விடுவார்.

ஒரு நாள் நூம்பல் போயிருந்தபோது அக்கா என்னைத் தண்ணீர்க் குழாயடியில் மடக்கினாள்.

"டேய், அந்த டேங்க்க நீதான் செய்யப்போறியாமே?"

"ஆமாக்கா."

"ஊர்ல வேற ஆளே கெடைக்கலியா அவங்களுக்கு?"

"அக்கா, நான் டிப்ளமோ..."

"உன் டிப்ளமோவ நான் பாத்துகீறேன். இந்தா, கேளு. டிரம்ம உருட்டிகினு ஊட்டுக்கு வந்தா மனுசன் செவுத்தயே பாத்துகினு ஒக்கார்றாரு. அவரு திரும்ப அந்த மூடியத் தொடணும்டா. நீ செய்யறது நல்லா இருந்தா தொடுவாரு. இல்லன்னா இந்த ஜென்மத்துல தொடமாட்டாரு. ஜோக்கு அடிக்காம செய்."

ஜோக் அடிக்காமல்தான் செய்தேன். என் வாழ்க்கையில் அப்படி இருந்த நாட்கள் அவை மட்டுமே.

கரித்தூள் லேசுப்பட்ட சாமான் இல்லை. ரெசினைக் குடித்துக்கொண்டே இருக்கும். குறைவாகப் போட்டால் கரண்ட் போகாது. கூடப் போட்டால் ரெசின் அடை மாவாகிவிடும், ரோலர் போகாது. சின்னச் சின்ன மாதிரித் துண்டுகளாகச் செய்து மாமாவின் ஆலைக்கே அனுப்பிவைப்போம். அவர்கள் சோதித்துப் பார்த்துவிட்டு இல்லை இல்லை என்பார்கள். கடைசியில் ஒரு துண்டுக்குச் சரி என்று போன் வந்தது. அன்று முதலாளி ஷெட்டுக்கே பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். எல்லார் கையும் கறுப்பு, பஜ்ஜியும் கறுப்பு. ருசியில் குறையில்லை.

எங்கள் ஷெட்டில் ரோலர் உருட்டுவது பக்கத்து ஊரான பாடியிலிருந்து வரும் ஓர் அம்மா. நாங்கள் ரோலர்க்காரம்மா என்போம். வழக்கமான டேங்கில் ரெசின் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். எங்கே காற்றுக் குமிழி நின்றாலும் வெள்ளையாகத் தெரிந்துவிடும். இந்தக் கறுப்பில் என்ன தெரியும்?

"இன்னா சார் இது, லைட்டு போன ஊட்டுல கோலம் போடச் சொல்றியே" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வோர் இடத்தையும் இரண்டு மடங்கு உருட்டினார். அவருக்குப் பின்னால் நானும் உருட்டினேன். என் பின்னால் உருட்ட ஆளில்லை, இருந்திருந்தால் வைத்திருப்பேன்.

டேங்க் எழுந்து நின்றது. ஆள் உயரம், நல்ல கனம். ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. மங்கல் கறுப்பு, சொரசொரப்பு. பக்கத்து ஷெட்காரர்கள் டீ குடிக்கப் போகும்போது நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"இன்னா அண்ணாத்தே, எருமைக்கு மூடி போட்டு வெச்சிகீற?"

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. டேங்க் லாரி ஏறுவதற்கு முன்னால் ரோலர்க்காரம்மா அதன் பக்கத்தில் போய் நின்று தன் நெற்றிப் பொட்டைப் பார்த்துக்கொள்வார். பொட்டு தெரிந்தால் டேங்க் பாஸ். தெரியாவிட்டால் இன்னொரு கை தெளிவான ரெசின் பூசிப் பளபளப்பாக்குவோம். இந்த டேங்கின் முன்னாலும் நின்று பார்த்தார்.

"பொட்டும் தெர்ல, மூஞ்சியும் தெர்ல சார். இத்த அனுப்பினா நம்ம பேரு நாறிடும்."

எனக்கும் உறுத்தியது. அடுத்த நாள் ஆய்வு. ஆலையின் பாதுகாப்பு அதிகாரி மாமாவையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். மாமா இதைப் பார்த்ததும் அவருக்கு ஒரு தெம்பு வர வேண்டாமா? சட்டியின் அடிப்பாகம் மாதிரி இருந்தால் எப்படி வரும்? ஆகவே நானும் ரோலர்க்காரம்மாவும் உட்கார்ந்து, உள்ளே, வெளியே, மூடியின் அடியில் என்று ஓர் இடம் விடாமல் தெளிவான ரெசினைப் பூசினோம். அவ்வளவு கவனமாக, அவ்வளவு ஆசையாக நான் எதையும் பூசியதில்லை. காலையில் டேங்க் கருங்கல் சிலைக்கு எண்ணெய்க் காப்பு நடத்திய மாதிரி மின்னியது. அதைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டேன்.

ஜீப் வந்தது. அதிகாரியோடு மாமாவும் இறங்கினார். டேங்க் அருகில் போய், அதில் தெரிந்த தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். புருவம் அப்போதுதான் புல் முளைப்பது போல முளைத்துக்கொண்டிருந்தது. விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார். என் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது.

கரண்ட் பாய்கிறதா என்று பார்க்கக் கையால் சுற்றும் மெக்கர் பெட்டி வேண்டும். பக்கத்து மோட்டார் வைண்டிங் கடைக்காரர் தன் பெட்டியோடு வந்திருந்தார். ஒரு ஒயரைச் செம்புப் பட்டையிலும் இன்னொன்றை டேங்கின் உள்சுவரிலும் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினார். முள் ஒரே தாவாகக் கோடிக்குப் போய் நின்றது.

"இன்ஃபினிட்டி!" என்று கத்தினார். "துளி லீக்கேஜ் இல்ல. ஏ-ஒன் சரக்கு!"

முதலாளி கை தட்டினார். ரோலர்க்காரம்மா கை தட்டினார். நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் என் டிப்ளமோ விழித்துக்கொண்டது. மோட்டாரில் கரண்ட் கசியக் கூடாது. அங்கே முள் அந்தக் கோடிக்குப் போனால்தான் கொண்டாட்டம். எங்களுக்கு வேண்டியது இந்தக் கோடி, பூஜ்யம்.

அதிகாரி கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தார். "இது மோட்டார் இல்லீங்க. கரண்ட் போகவே இல்லன்னு அர்த்தம். பழைய டேங்குக்கும் இதுக்கும் கலர்தான் வித்தியாசம்."

மாமா டேங்கை விட்டு விலகினார். திரும்பி நடந்து போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டார்.

மாதிரித் துண்டு பாஸ் ஆனது. அதே கலவை, அதே கை. பிறகு ஏன்? முதலாளியின் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கி டேங்கின் உள்சுவரைச் சுரண்டினேன். பளபளப்பு வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. அடியில் அந்த அசிங்கக் கறுப்பு. அதில் ஒயரை அழுத்தினேன்.

"இப்ப சுத்துங்கண்ணே."

முள் மடமடவென்று இந்தக் கோடிக்கு இறங்கி வந்தது.

"மேல என்ன பூசினீங்க?" என்றார் அதிகாரி.

"பளபளப்பு சார்."

"டிராயிங்ல இருந்துச்சா?"

"இல்ல சார்."

"பின்ன எதுக்கு?"

"பொட்டு தெரியணும் சார்."

அதிகாரி என் வெறும் நெற்றியை நிதானமாகப் பார்த்தார். பிறகு, "எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்புக்குப் போனார். அவருக்கு முன்னால் நான் ஓடினேன்.

"மாமா, உள்ள நல்லா கீது மாமா. மேலதான் கொஞ்சம்..."

"உன் பேச்சு மாதிரியே கீது உன் டேங்க்கு" என்றார் மாமா. ஜீப் கிளம்பிவிட்டது.

கண்ணாடி நார் கலந்ததை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பறக்கும் தூசு தோலில் ஏறி நாள் கணக்கில் அரிக்கும். அதற்காகக் கையிலும் கழுத்திலும் முகப்பவுடரை அப்பிக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத ஷெட். ரோலர்க்காரம்மா மட்டும் "என் பொட்டாலதானே" என்று உதவிக்கு வந்து மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வைண்டிங் கடைக்காரர் வெளியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். நான் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, மாவில் புரட்டிய மீன் மாதிரி டேங்குக்குள் குந்தித் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேலே வெளிச்சம் மறைந்தது. நிமிர்ந்தால் மாமா எட்டிப் பார்க்கிறார்.

"தள்ளு."

உள்ளே இறங்கினார். என் கையிலிருந்த உப்புத்தாளைப் பாதியாகக் கிழித்து எடுத்துக்கொண்டார். பவுடர் டப்பாவை நீட்டினேன். முறைத்தார், புருவம் ஓரளவு வந்துவிட்டதால் இந்த முறை எனக்கே புரிந்தது. ஆனாலும் போட்டுக்கொண்டார்.

ஆளுக்கொரு பக்கமாகத் தேய்த்தோம். பிறகு செம்புப் பட்டையைக் காட்டிக் கேட்டார்.

"இது எங்க போவுது?"

"வெளிய ஒயரு மாட்டி, ஒயர தரைக்குள்ள எறக்கிடுவாங்க மாமா. கரண்ட்டு சேர்றதுக்கு முன்னாடியே ஓடிடும்."

"தரை தாங்குமா?"

"இடியவே தாங்குது மாமா."

இருமினார். அது சரி என்பதற்கான இருமல்.

ஓர் இடம் தேய்த்து முடித்ததும் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒயர்களை உள்ளே இழுத்தேன். இரண்டு முனைகளையும் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, எங்கே வைக்கலாம் என்று யோசித்தபடியே, "சுத்துங்கண்ணே" என்று குரல் கொடுத்தேன். ஒயர் இன்னும் என் கையில்தான் இருக்கிறது என்பது நினைவில்லை. கடைக்காரர் தொழில் சுத்தமானவர், நன்றாகச் சுற்றினார்.

நான் போட்ட கூச்சல் டேங்குக்குள் சுழன்று சுழன்று வந்தது. இரண்டு கையும் தானாகத் தாளம் போட்டன. பின்னால் சாய்ந்து, பவுடர் டப்பாவின் மேல் உட்கார்ந்தேன். வெள்ளைப் புகை எழும்பியது. அதற்குள்ளிருந்து ஒரு சத்தம். முதலில் மாமாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தத் தீக்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சிரிப்பு அடங்குவதாக இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னா சார், டேங்க்கு சிரிக்குது?" என்று வெளியிலிருந்து ரோலர்க்காரம்மா கேட்டார்.

"கரண்ட்டு பாயுதும்மா" என்று மாமாவே பதில் சொன்னார். அவர் வலியப் பேசியதும் எனக்கு அதிசயம்தான்.

அதற்குப் பிறகு ஒயரை என் கையில் கொடுக்கவில்லை. அவரே ஒவ்வோர் இடமாக வைத்து, "சுத்து" என்பார். முள் இறங்கினால் சாக்பீஸால் ஒரு கோடு. அடி மூலை, விளிம்பு, ஆணி இறங்கும் துளை என்று நான் நினைத்தே பார்க்காத இடங்களில் எல்லாம் வைத்துப் பார்த்தார். எங்கே பொய் சொல்கிறது என்று பிடித்துவிடத் துடிக்கிற போலீஸ்காரர் மாதிரி தேடினார். மூடியின் உள்விளிம்பில் ஓர் இடத்தில் பிடித்தும்விட்டார். முள் ஏறி நின்றது.

"இங்க பளபளன்னு கீது பாரு."

அந்த இடத்தை என்னைத் தேய்க்க விடவில்லை. மூடியை மடிமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு அவரே தேய்த்தார். அவர் மூடியைத் தொட்டுவிட்டார் என்பது எனக்குச் சட்டென்று உறைத்தது. சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. அதிசயமாக, வாயை மூடிக்கொண்டேன்.

அதிகாரி மறுபடி வந்தார். தன் கையாலேயே சுற்றினார். எங்கே வைத்தாலும் முள் நாங்கள் கேட்ட கோடிக்கே வந்தது. டேங்க் முன்னைவிட அவலட்சணமாக, சிரங்கு பிடித்த மாதிரி இருந்தது. ரோலர்க்காரம்மா தன் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து டேங்க் மேல் சாய்த்து வைத்து, அதில் பொட்டைப் பார்த்துவிட்டு, "பாஸ்" என்றார்.

சென்னீர்குப்பத்தில் டேங்கை நிறுத்திய அன்று முதலாளி பூசணிக்காயும் கற்பூரமுமாக வந்து நின்றார். தின்னர் டேங்குக்குக் கற்பூரம்! அதிகாரி பதறிப்போய் எல்லாவற்றையும் கேட்டுக்கு வெளியே அனுப்பினார். உள்ளே எலுமிச்சம்பழத்துக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

தின்னர் நிரப்பினார்கள். முதல் சாம்பிள் எடுக்க வேண்டும். யாரும் மாமாவின் பெயரைச் சொல்லவில்லை. எல்லாரும் அவரைப் பார்க்காதது போல நின்றார்கள். அவர் தரையில் இறங்கும் ஒயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். வாளிக்கும் ஒயர் மாட்டினார். படியேறி மூடிமேல் கையை வைத்தார். கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பின்னுக்கு வரவில்லை. மூடி திறந்தது. வாளி இறங்கியது, ஏறியது. ஒரு சத்தமும் இல்லை.

எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே. படிக்கடியில் போய் நின்றுகொண்டு, "எப்டி மாமா கீது? பயமா இருந்தா சொல்லுங்க, நான் சாயங்காலம் வரைக்கும் இங்கியே நிக்கறேன். போற வழில நூம்பல்ல எறங்கி அக்காவப் பாப்பேன், அக்கா கேட்டா இன்னான்னு சொல்லட்டும்?" என்று ஒரே மூச்சில் கேட்டேன்.

மாமா வாளியிலிருந்து பாட்டிலுக்குத் தின்னரை ஊற்றிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

"வேல கீது, கெளம்பு."